முதல் ஆளாக யார் போடுவது?

ஜாக் பிளான்ட் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. கனடாவின் மான்ட்ரியால் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர்.

1959 நவம்பர் 1. நியூயார்க்கில் மேட்ச். இந்த ஆட்டத்தில் பந்து கிடையாது. 'பக்' என்கிற கெட்டி ரப்பர் வில்லைதான். எடை அதிகபட்சம் 170 கிராம். ஆனால், வருகிற வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். அன்றைக்கு அது பிளான்ட்டின் முகத்தைக் கிழித்துவிட்டது. தையல் போட்டுக்கொண்டு திரும்பியவர், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிராக்டீஸில் மட்டும் மாட்டிக்கொள்கிற முகமூடி. கோச் டோ பிளேக்குக்கு அது பிடிக்காது. ஆனால், மாற்று கோல்கீப்பர் கையில் இல்லையே... தலையாட்டினார். 3-1 என்று ஜெயித்தார்கள். அந்த சீஸனின் ஸ்டான்லி கோப்பையும் அவர்களுக்கே!

எனக்கு ஐஸ் ஹாக்கி டி.வி-யோடு சரி. ஆனாலும் ஒரு சந்தேகம்... அதுவரை ஏன் எல்லாரும் வெறும் முகத்தோடு நின்றார்கள்?

நான் படித்தது பி.காம். மனுஷன் தனக்கு லாபமானதைத்தான் தேர்ந்தெடுப்பான் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில், 2005-ல் பொருளாதார நோபல் வாங்கிய தாமஸ் ஷெல்லிங், 1973-லேயே ஹாக்கி ஹெல்மெட்டை வைத்து இந்த முடிச்சை அவிழ்த்திருக்கிறார். ஹெல்மெட் நல்லது என்று எல்லா வீரருக்கும் தெரியும். ஆனால், தான் மட்டும் போட்டால் பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் குறையும், எதிராளிக்கு லாபம். 'பயந்தாங்கொள்ளி' பட்டம் வேறு! எல்லாரும் போடணும்னு ரூல் வந்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆசைப்பட்டதைச் செய்ய ரூல் ஒரு சாக்கு!

அந்தச் சாக்கு லேட்டாக வந்தால்? 1968 ஜனவரியில், மினசோட்டா அணியின் பில் மாஸ்டர்டன் ஹெல்மெட் இல்லாமல் ஆடி, பனித்தரையில் தலை மோதி, இரண்டே நாளில் இறந்துபோனார். என்.ஹெச்.எல். லீக் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது 1979-ல்தான். அதுவும் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும். வெறுந்தலையோடு ஆடிய கடைசி ஆள் கிரெய்க் மக்டாவிஷ் ரிடயர் ஆனது 1997-ல்!

தலைக்கு ஆச்சு. கழுத்துக்கு?

2023 அக்டோபர் 28. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆடிக்கொண்டிருந்த ஆடம் ஜான்சனின் கழுத்தை, இன்னொரு வீரரின் ஸ்கேட் பிளேடு அறுத்துவிட்டது. உயிர் போய்விட்டது. வயது 29. கழுத்துக் காப்பு கடையில் கிடைக்கிற சாமான்தான். அந்த லீகில் அப்போது கட்டாயமில்லை.

என்.ஹெச்.எல்-லின் புதிய ஒப்பந்தம், 2026-27 சீஸனிலிருந்து கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்குகிறது. யாருக்கு? மறுபடியும், புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும்.

பழைய ஆட்களின் கழுத்து என்ன, ரப்பரா?