கவ்வாத்து

மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்பிவிடுகிறதாம்.

அப்பாவுக்கு ரத்தப் புற்று. உடம்பில் செல் தன்னிஷ்டத்துக்குப் பெருகுவதில்லை. வெளியிலிருந்து சேதி வந்து அதன் மேலுறையில் தட்ட வேண்டும். சேதி நின்றால் பெருக்கமும் நிற்கும். இந்த நோயில் ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. ஜேனட் ரவுலி 1973இல் கண்டது. அதில் பிறக்கும் புரதம், யாரும் தட்டாமலே, 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் சொல்கிறது. இமாட்டினிப் அதன் வாயை அடைக்கிறது. அந்த மருந்தின் புது வடிவத்துக்குச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006இல் உரிமை மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013இல் அதை ஆமோதித்தது. மறு வருஷம் அப்பா படுத்தபோது, மலிவு மாத்திரை என் குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டியது அதனால்தான்.

நாடுகாணி வீட்டுத் திண்ணையில் வைத்து இதையெல்லாம் சொன்னேன். நாற்பது வருஷம் தேயிலையில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்.

"கவ்வாத்த நிறுத்துனா செடி மரமாயிருமேப்பா" என்றார். பிறகு, "நீ படிச்சவன். நீயே சொல்லு."

கவிதைகளை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பத்து வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லி வருகிறவன் நான். வாய் வரவில்லை.