புதையுண்டவரின் சாட்சி

பனிச்சரிவில் புதையுண்டவர் கூவினாலும் மேலே நிற்பவர்க்குக் கேட்பது அரிது. சரிந்து நின்ற பனி நொடியில் இறுகிவிடுகிறது. விரலை அசைக்கவும் இடம் தராது. அவருக்காகப் பேசுவது மார்பில் கட்டிய ஒரு சிறு கருவியே. உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவரிசையில் அது இடையறாது துடித்துக்கொண்டிருக்கும். தோழர்கள் தம் கருவிகளின் விசையைத் 'தேடு' என்னும் நிலைக்கு மாற்றி, அத்துடிப்பைப் பின்தொடர்ந்து தோண்டுவர். காலமோ மிகக் குறைவு. 1994-இல் வெளிவந்த சுவிட்சர்லாந்துக் கணக்கின்படி, முதல் 15 நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தனர்; 35 நிமிடங்களில் அது மூவரில் ஒருவருக்கும் குறைவாயிற்று.

பனியே பெய்யாத நாட்டில் வாழும் உமக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர் ஒருவர் கேட்டார். அக்கறை பனியின்மீது அன்று, பழியின்மீது.

பீப்ஸ் என்பது ஆஸ்திரியாவில் தோன்றிய நிறுவனம். அதன் டி.எஸ்.பி. வகைக் கருவிகளில் நிலைமாற்றும் விசை, மேலும் கீழும் நகரும் ஒரு தள்ளுவிசை. 'அணை', 'அனுப்பு', 'தேடு' என மூன்று நிலைகள். தவறி நகராதிருக்க ஒரு பூட்டும் உண்டு. 2020 மார்ச்சில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், நிக் மெக்நட் என்னும் பனிச்சறுக்கு வீரர் சரிவில் புதைந்தார். தோழர்களின் கருவிகளில் ஓசையே இல்லை. நீண்ட கோல்களைப் பனியில் குத்திக் குத்தித் தேடியதில் ஒரு கோல் அவர்மேல் பட்டது, பிழைத்தார். அது நற்பேறு என்றே சொல்ல வேண்டும். அவருடைய கருவியின் விசை 'அனுப்பு' நிலையில் இல்லை.

இதற்கு முன்பே, 2017-இல், அதே மாநிலத்தில் அதே வகைக் கருவியை அணிந்த ஒருவர் புதைந்து இறந்திருந்தார். அவரைத் தேடியவர்களுக்கும் துடிப்புக் கிடைக்கவில்லை.

இங்கேதான் என் மனம் நின்றுவிடுகிறது. ஒரு மகிழுந்தின் தடை பழுதானால் ஓட்டியவர் உயிர் பிழைத்து வந்து முறையிடக்கூடும். இக்கருவி பழுதானால், காலையில் அதை முறையாக இயக்கினேன் என்று சொல்ல வேண்டியவர் பனிக்கு அடியில் கிடக்கிறார். 'இயக்க மறந்திருப்பார்', 'பூட்டைச் சரியாக இடவில்லை போலும்' என்ற சொற்கள் எளிதாக எழுகின்றன. மறுத்துரைக்க யார் உளர்? மலையேறுமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பது அவர்களிடையே நெடுநாள் வழக்கம். அந்தச் சோதனையில் தேறிய கருவி மாலையில் ஊமையாய்க் கிடந்தது என்றால், குற்றத்தை மனிதரின் மறதியில் மட்டும் தேடுவது அறமா?

மெக்நட் பிழைத்ததால் சாட்சி இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சக வீராங்கனை கிறிஸ்டினா லஸ்டன்பர்கர் இச்செய்தியை வெளிப்படையாக எழுதினார். தமக்கும் அவ்வாறே நேர்ந்தது என்று பலர் சொல்லலாயினர். பீப்ஸையும் அதை அப்போது தன்வசம் வைத்திருந்த அமெரிக்காவின் பிளாக் டைமண்டையும் சேர்ந்தவர்கள் முதலில் தம் கருவியைக் காத்தே பேசினர். 2021 ஏப்ரலில்தான் டி.எஸ்.பி. ஸ்போர்ட், டி.எஸ்.பி. புரோ, டி.எஸ்.பி. புரோ ஐஸ் ஆகிய மூவகைக்கும் முறையான திரும்ப அழைப்பு வந்தது. விசை எதிர்பாராது நகர்ந்துவிடக்கூடும் என்பதே அதில் கூறிய காரணம்.

தந்த பரிகாரம் விலையில்லாத ஒரு கெட்டி உறை. அதனுள் கருவியை வைத்தால் விசை 'அனுப்பு' நிலையை விட்டு அசையாது. பூட்டுக்கு மேல் ஒரு பூட்டு! ஓர் உறையால் தீரக்கூடிய குறைக்கு இத்தனை காலமா என்று வியக்கத் தோன்றுகிறது.

இக்கருவிகள் பல ஆண்டுகள் உழைப்பவை; கைமாறுபவை. தம்பிக்கு அண்ணன் கொடுப்பார். புதியது வாங்கியவர் பழையதை விற்பார். திரும்ப அழைக்கும் அறிவிப்போ முதலில் வாங்கிப் பதிவு செய்தவரைத் தேடித்தான் போகிறது. இரண்டாம் கையில் வாங்கியவர் தம் கருவியின் பின்புறத்தைத் திருப்பி, அதன் வகைப்பெயரைத் தாமே படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவராக இருக்கிறார்.