சத்து மாத்திரை

எங்கள் எச்.ஐ.வி. பாசிட்டிவ் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம், டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று சொல்வது என் பொறுப்பு. மறைத்தவன் நான்.

2004இல் அரசு இலவசமாக ஏஆர்டி என்னும் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கத் தொடங்கிய காலத்தில் ஸ்டாவுடின் சாப்பிட்டவன். என் உயிரைப் பிடித்து வைத்த மருந்து அது, பழி சொல்ல மாட்டேன். ஆனால் கன்னம் ஒட்டி, கை நரம்பு புடைத்து, வயிறு மட்டும் முன்னால் வந்தது. கை கால் கொழுப்பு கரைந்து வயிற்றில் சேரச் சேர, சுரக்கிற இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாமல் போகும். சுகர் வந்தது. டாக்டர் மெட்ஃபார்மின் எழுதினார். நாங்கள் இப்போது சாப்பிடும் டிஎல்டி என்ற ஏஆர்டி மாத்திரையில் இருக்கும் டோலுடெக்ராவிர், ரத்தத்தில் மெட்ஃபார்மினைக் கூட்டிவிடும், அதனால் நாளைக்கு 1000 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்றும் சொன்னார். அதையே சாக்காக வைத்து மெட்ஃபார்மினை அலமாரியில் போட்டேன். ஆயுசுக்கும் இன்னொரு மாத்திரையா என்ற வெறுப்பு.

பதிலுக்கு நானாக வாங்கியது சத்து மாத்திரை: குரோமியம், துத்தநாகம், மக்னீசியம், கால்சியம் எல்லாம் சேர்ந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் குரோமியம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிலருக்கு இன்சுலின் கொஞ்சம் நன்றாக வேலை செய்தது உண்மை. அவை சிலரை வைத்துச் சில வாரங்களே நடந்தவை என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் கூட்டத்தில் பரப்பினேன்.

சுகர் எல்லையில் நின்ற ஒரு பெண், என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள், அவளுக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன்.

“எப்பண்ணே சாப்பிடணும்?”

“காலையில ஏஆர்டி மாத்திரையோடயே போட்டுக்கம்மா, மறக்காது.”

வெறும் வயிற்றில் அப்படி விழுங்கினால் இந்த உலோகச் சத்துகள் டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். கால்சியம் தனியாகவே ரத்தத்தில் சேரும் மருந்தை ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்துவிடும். சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் ஏஆர்டி போட வேண்டும். மருந்து மாற்றிய அன்றே இதை எங்களுக்குச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அவளுக்கு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, ஆயிரத்தைத் தாண்டி வந்தது. மாத்திரையை விட்டீர்களா என்று கவுன்சலர் கேட்க, ஒரு வேளைகூட விடவில்லை என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். யாரும் நம்பவில்லை. மாதாமாதம் டப்பாவைக் கொண்டுவந்து மிச்சத்தை எண்ணிக் காட்டச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது, காரணமும் புரிந்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பு போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

மறுபரிசோதனைக்குச் சில நாள் முன்புதான் டாக்டரிடம் சொன்னேன். அது ஒன்றுதான் காரணம் என்று அவர் அறுதியிடவில்லை. சத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னார்; பிறகு எடுத்த பரிசோதனையில் அவளுக்கு வைரல் லோடு இறங்கிவிட்டது. எனக்கு மெட்ஃபார்மின் மறுபடி தொடங்கியாயிற்று.

அவளிடமும் சொன்னேன்.

“அன்னைக்கே தெரியுமாண்ணே?”

தெரியும் என்றேன். அதற்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு வரவில்லை.