கத்துறது எந்த மூலை?

பாஸ், ஆவடி லோக்கல்ல யாராவது வலிப்பு வந்து விழுந்தா என்ன நடக்கும்? பத்து கை சாவிக் கொத்தோட நீளும்! இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்துல அது தானா நின்னுடும். பேர் மட்டும் சாவிக்குப் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா 108.

சரி, மறுநாள்? அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் முன்னாடி நிக்கிறவருக்கு இது வந்தா வேலை போகும், சமயத்துல விரலும் போகும். அதனால மறைக்கிறாங்க. பொண்ணுன்னா கல்யாணப் பேச்சு வேற. (வலிப்பைக் காரணம் காட்டி இந்துத் திருமணத்தைச் செல்லாததாக்கும் பிரிவை 1999-லயே தூக்கிட்டாங்க. சொந்தக்காரங்களுக்குத்தான் இன்னும் கெஜட் போய்ச் சேரலை!)

மூளையில ஒரு கூட்டம் நரம்பு செல்கள் ஒரே நேரத்துல தாறுமாறா கத்தினா, அதான் வலிப்பு. மூணுல ரெண்டு பேருக்கு மாத்திரையே போதும். ரெண்டு மருந்து முறையா சாப்பிட்டும் அடங்கலைன்னா, கத்துறது எந்த மூலைன்னு தேடணும். நம்ம பாஷையில ஃபால்ட் ஃபைண்டிங்! எம்.ஆர்.ஐ.-ல பொட்டுக்கு உள்பக்கம் ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பேறித் தெரியலாம். ஆனா படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைக்க மாட்டாங்க. வீடியோவையும் இ.இ.ஜி.யையும் சேர்த்து நாள் கணக்கா ஓடவிட்டு, வலிப்பு கிளம்புறதும் அதே இடம்தானான்னு பார்ப்பாங்க. பேச்சு எந்தப் பக்கம் குடியிருக்குன்னு ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. காட்டும், அங்கே ரொம்ப ஜாக்கிரதை.

ஃபாரின் சமாசாரம்னு நினைக்காதீங்க. நம்ம அம்பத்தூர் தண்டவாளத்துலயே போனா காட்பாடி. பக்கத்துல வேலூர் சி.எம்.சி. அங்கே டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-லயே வலிப்புக்கு ஆபரேஷன் பண்ணினார், எம்.ஆர்.ஐ. பிறக்காத காலத்துல! பிற்பாடு சி.டி. ஸ்கேன் வந்தப்போ, வலிப்புக்காரங்க மூளையில தெரிஞ்ச ஒத்தைச் சின்னப் புள்ளியை டி.பி. கட்டின்னு நினைச்சு மாசக்கணக்கா மருந்து கொடுத்துட்டிருந்தாங்க. வேலூர்க்காரங்க அதை எடுத்துப் பார்த்தா, நாடாப்புழுவோட குட்டி! 1989-ல் 'லான்செட்'ல எழுதினாங்க.

ஆபரேஷன் பலிக்குமா? கனடாவுல டெம்போரல் லோப் வலிப்பு இருக்கிற 80 பேரை வெச்சு நடத்தி, 2001-ல் வெளியான ஆய்வு இது: ஆபரேஷன் பிரிவுல 58 சதவிகிதம் பேருக்கு ஒரு வருஷத்துல நினைவு தப்புற வலிப்பு நின்னிருந்தது. மாத்திரைப் பிரிவுல 8 சதவிகிதம்தான். எல்லாருக்கும் பொருந்தாதுதான், ஆனா கேட்டே பார்க்கலைன்னா?

சென்ட்ரல்ல இறங்கினா எதிர்லயே அரசுப் பொது மருத்துவமனை, நரம்பியல் பிரிவு இருக்கு. வலிப்பு வந்த நேரத்துல வீட்டுல யாராவது செல்போன்ல எடுத்த வீடியோ இருந்தா மறக்காம கொண்டு போங்க. டாக்டருக்கு அதுவே பாதி கேஸ் ஷீட்.