ஊரை விட்டு ஓடுதல்

தமிழில் நடைக்கு இருக்கும் கௌரவம் ஓட்டத்துக்கு இல்லை. நடையோடு சேர்த்து நடத்தை என்கிறோம். எழுத்தின் குணத்துக்கும் நடை என்றே பெயர் வைத்திருக்கிறோம். ஓட்டத்துக்குக் கிடைத்தது ஓடுகாலி. கடன் வாங்கியவன் ஓடுகிறான், காதலித்தவள் ஓடிப்போகிறாள், தோற்றவன் ஊரை விட்டே ஓடுகிறான். தேரோட்டத்தில்கூட ஓடுவது தேர்தான்; வடம் பிடித்தவர்கள் நடக்கிறார்கள். கண்ணோட்டம் ஒன்றை விதிவிலக்காகச் சொல்லலாம். குறளில் 58-ஆம் அதிகாரத்தின் தலைப்பு அது. அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். விமர்சனம் எழுதுகிற நாம் அதை வெறும் பார்வையாக்கி இரக்கத்தைக் கழித்துவிட்டோம். அது வேறு கதை.

ஆறு வருஷமாகக் காலையில் ஃபேர்லேண்ட்ஸ் தெருக்களில் ஓடி, அழகாபுரம் பக்கம் திரும்பி, சாரதா கல்லூரி சாலை வழியாக வீடு சேர்கிறேன். ஐந்து கிலோமீட்டர் இருக்கும். வடக்கே சேர்வராயன் மலை வெளுக்கிறபோது பாதித் தூரம் முடிந்திருக்கும். இதில் சங்கல்பம், வைராக்கியம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. பால் பூத்தின் வெளிச்சம், பூட்டிய மருத்துவமனை வாசல், என் வாசனை தெரிந்துவிட்ட நாய்கள் எல்லாம் சேர்ந்து என்னை ஓட்டிவிடுகின்றன. வேலை பழக்கத்தைக் கெடுக்கும், விடுமுறை அதை வளர்க்கும் என்று பொதுவாக நினைக்கிறோம். என் அனுபவம் நேர்மாறு. மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பிய நாட்களில்கூட மறுநாள் ஓடியிருக்கிறேன். பொங்கலுக்கு நான்கு நாள் லீவு விட்டால் நின்றுபோகிறது.

உடம்பு கெட்டுவிடும் என்ற பயம் இதில் இல்லை. எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், நல்ல பயிற்சி பெற்ற ஏழு பேரைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து 1984-ல் வெளியிட்டார்கள். உடம்பு உச்சகட்டமாக ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாளில் 16 சதவீதம். அதற்குமேல் பெரிய சரிவு இல்லை. ஆக நான்கு நாள் என்பது ஒன்றுமே இல்லை. போவது வேறு ஏதோ.

ரான் ஹில் என்ற ஆங்கிலேயரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1970 பாஸ்டன் மராத்தானில் வென்றவர். 1964 டிசம்பர் 20-லிருந்து 2017 ஜனவரி வரை, 52 வருஷத்துக்கு மேல், ஒருநாள்கூட விடாமல் குறைந்தது ஒரு மைலாவது ஓடினார். 1993-ல் கார் விபத்தில் மார்பெலும்பு முறிந்தபோதும் விடவில்லை. போதாதென்று நூறு நாடுகளில் பந்தயம் ஓடினார். கடைசியில் ஓட்டத்தின் நடுவில் நெஞ்சு வலித்தபிறகுதான் நிறுத்தினார். 2021-ல் காலமானார். இந்த மனிதரிடம் எனக்கு மரியாதை உண்டு. கூடவே ஒரு அசௌகரியமும். பயணம் அவருக்குப் பயணமாகவே இருந்திருக்காது என்று தோன்றுகிறது. எந்த ஊரில் இறங்கினாலும் அது இன்னொரு மைல். விடாமல் தினமும் ஒரு கவிதை எழுதுகிற நண்பர்களிடமும் இதே அசௌகரியத்தை உணர்ந்திருக்கிறேன், பெயர் வேண்டாம்.

முரகாமி கொஞ்சம் தேவலை. 1983-ல் ஏதென்ஸிலிருந்து மராத்தானுக்கு, புராணக்கதையின் திசைக்கு எதிர்த்திசையில், ஜூலை வெயிலில் ஓடினார். திசையை மாற்றியதற்குக் காரணம் தத்துவம் அல்ல, ஏதென்ஸின் காலை நேரப் போக்குவரத்து. இந்த லௌகீகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சென்னைக்கு இரவு ரயிலில் போய் இறங்கிய காலைகளில் மெரினாவில் ஓடியிருக்கிறேன். அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. மா. சுப்பிரமணியன் போன்றவர்கள் நூற்றுக்கு மேல் அரை மராத்தான்கள் ஓடி, ஓடுவதை ஒரு பொதுக் காரியமாகவே ஆக்கிவிட்டார்கள். பெருநகரத்தில் ஓடுகிறவன் ஒரு வகைமாதிரி; பெயர் தேவையில்லை. எல்.எஃப்.சி. எடுத்துக் குடும்பத்தோடு போகிற ஊர்களிலும் அப்படித்தான், நாய்களைத் தவிர. மனிதர்களைவிட நாய்களுக்கு எல்லை பற்றிய பிரக்ஞை அதிகம்.

சிக்கல் மாமனார் ஊரில். திருச்செங்கோட்டுப் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது ரிக் லாரியோடு போய், எங்கோ வடக்கே மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டுத் திரும்புகிற ஊர். அவர்களுக்குப் பயணம் என்றால் கூலி, விடுமுறை என்றால் தூக்கம். அந்தத் தெருவில் முதல் தடவை நான் ஓடியபோது திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் பதறி எழுந்தார். "மாப்ள, ஆருக்கு என்னாச்சுங்?" நியாயமான கேள்வி. அந்தத் தெருவில் அந்த நேரத்தில் ஒருவன் ஓடினால் சாவு, பிரசவம், தீ, திருட்டு இவற்றில் ஒன்று இருக்கவேண்டும். ஒன்றுமில்லை, சும்மா ஓடுகிறேன் என்று சொன்னேன். அவருக்கு அது ஒரு பதிலாகப் படவில்லை. காரணமில்லாத செயல் என்பதை இலக்கியத்தில் எத்தனை பக்கம் விவாதித்திருக்கிறோம். அவர் முகத்தில் பார்த்ததுபோல் எங்கேயும் படித்ததில்லை. அன்று மத்தியானத்துக்குள் விஷயம் மாமியாரிடம் போய்விட்டது. "எங்கூட்டுல என்ன கொறைன்னு மாப்ள இப்புடி ஓடறாரு?"

இருந்தும் நான் ஓடினேன். மாப்பிள்ளை என்பதால் இரண்டாம் நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டது. யார் வேண்டுமானாலும் எந்தத் தெருவிலும் இப்படி ஓடிவிட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பழக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் எவ்வளவு என் கால், எவ்வளவு என் அந்தஸ்து என்று பிரித்துப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை.

என் மனைவியும் ஓடுகிறவள். இரண்டு வருஷமாக ஃபேர்லேண்ட்ஸில் என்னோடு ஓடுகிறாள். ஏற்றத்தில் என்னைவிட நன்றாகவே ஓடுவாள். அவள் பிறந்து வளர்ந்த ஊரில், அவளைக் குழந்தையிலிருந்து தெரிந்தவர்கள் நடுவில், அவளால் முடிவதில்லை. அந்நியனான நான் ஓடலாம். ஊர்க்காரியான அவள் நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கலாம், சாணி அள்ளலாம், பத்துக் குடம் தண்ணீர் தூக்கலாம். கேட்டால், "அதெல்லாம் உங்க ஊர்ல" என்பாள். சேலத்தை அவள் உங்க ஊர் என்று சொல்வது அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது விடிவதற்கு முன்னால் கோழிப்பண்ணைக்குப் பின்னால் போகிற இட்டேரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வண்டித்தடத்தின் மணல். பள்ளிக்கூடத்துக்குப் போன வழி என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, முன்னால் போக ஆரம்பித்தாள். முதலில் வேகநடைதான். பண்ணை விளக்குகள் மறைந்த இடத்தில் அது ஓட்டமாக மாறியது. ஒரு கிலோமீட்டர் போல ஓடியிருப்போம். எதிரே தூரத்தில் பால்காரரின் மொபெட் வெளிச்சம் தெரிந்தது. அவள் நடக்கத் தொடங்கினாள். நானும் நடந்தேன்.