ஒன்றுக்கு ஒன்பது

சுவாமிமலையில் கோயிலுக்குப் போகிற கூட்டத்தை விட்டுவிட்டு, உளிச்சத்தம் வந்த பக்கம் திரும்பினேன். பட்டறை என்பது ஓர் ஓட்டுக் கொட்டகைதான். ஓரத்தில் காவிரி வண்டல் மண் குவிந்திருந்தது, பக்கத்தில் சாக்கு சாக்காக வறட்டி. பலகைமேல் நடராசர், இன்னும் மெழுகாகவே நின்றார். திருவாசியை அப்போதுதான் ஒட்டி முடித்திருந்தார்கள்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. பெரியவர் சிலையை அலுங்காமல் எடுத்துத் தராசில் வைத்தார். உலோகம் ஓடுவதற்கான வழிகளும் மெழுகில்தான் ஒட்டியிருந்தன, அவற்றோடு சேர்த்து 5 கிலோ. "நாப்பத்தஞ்சு எடுத்து வைடா" என்று மகனிடம் சொன்னார்.

"எப்படிங்கய்யா அது?"

"ஒண்ணுக்கு ஒம்போது, தம்பி. எட்டுன்னு எடுக்கிறவங்களும் உண்டு, பத்துன்னு எடுக்கிறவங்களும் உண்டு. நம்ம மெழுகுக்கு ஒம்போது."

பள்ளிக்கூடத்தில் நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி என்று மனப்பாடம் செய்தவன் நான். நான்கு கை, விரிசடை, தீச்சுடர் வளையம் என்று நிற்கிற இந்த உருவத்தின் பருமனை எந்த அளவுகோலால் எடுப்பது? தண்ணீரில் அமுக்கிப் பார்க்கலாமென்றால் மெழுகு மிதக்கும். இங்கே யாரும் பருமனை அளப்பதே இல்லை. மெழுகின்மேல் மண் பூசிக் கருவாக்கிச் சுடுகிறார்கள். மெழுகு உருகி வெளியேறியதும் மண்ணுக்குள் எவ்வளவு வெற்றிடம் விழுகிறதோ, அவ்வளவையும் உலோகம் நிரப்புகிறது. இரண்டுக்கும் பருமன் ஒன்றே. ஒரு லிட்டர் தேன்மெழுகு ஏறக்குறைய 960 கிராம், செம்பு மிகுந்த கலவை உலோகம் ஒரு லிட்டர் சுமார் 8.6 கிலோ. வகுத்தால் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்புறமும் ஓர் அசட்டுக் கேள்வி கேட்டேன்: ஆள் உயரச் சிலை என்றால் ஒன்பது பத்தாகுமா? பெரியவர் பதில் சொல்லவில்லை. நகத்தளவு மெழுகைக் கிள்ளி என் கையில் வைத்து, "இதுக்கும் ஒம்போதுதான்" என்றார். நிறை கூடினால் பருமனும் அதே மடங்கு கூடிவிடுகிறது, அடர்த்தி அசைவதில்லை. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் பிடித்தது.

இந்தக் கணக்குக்கு வயது அதிகம். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் உள்ள 12ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசம், பித்தளைக்கும் செம்புக்கும் மெழுகைப் போல் எட்டு மடங்கு, வெள்ளிக்குப் பன்னிரண்டு, தங்கத்துக்குப் பதினாறு என்கிறது. சுத்தத் தங்கத்துக்கு இருபது மடங்கு வேண்டும். கலப்புத் தங்கத்தை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியவர் ஒருமுறை ஏமாந்திருக்கிறார். கடையில் வாங்கிய மெழுகில் மெழுகுவத்தி மெழுகு கலந்திருந்தது. அது தேன்மெழுகைவிட லேசு, லிட்டருக்கு 900 கிராம்தான் தேறும். முழுக்க அதுவே என்றால் 5 கிலோவுக்கு 45 போதாது, 48 கிலோ ஆகும். "தராசு பொய் சொல்லல தம்பி, மெழுகு சொல்லிடுச்சு" என்றார். கலப்பு பாதிதான் என்றாலும், அன்று உலோகம் வாய்வரை ஏறி வரவில்லை. மறுபடி காய்ச்சி ஊற்றினால் ஆறிய பாகத்தோடு ஒட்டாது. மெழுகு உருவமும் உருகிப்போயிற்று, மண் கருவையும் உடைத்தாக வேண்டும். எத்தனை நாள் உழைப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் போன அன்று வேறொரு கரு காய்ந்து தயாராக இருந்தது. இரும்புக் கம்பி சுற்றிய மண்பொதி. வறட்டித் தீயில் சுட்டதும் மெழுகு சொட்டத் தொடங்கியது, வாளித் தண்ணீரில் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கருவைக் குழியில் இறக்கி, சுற்றிலும் மண் அணைத்தார்கள். மூசையை இருவர் இடுக்கியில் பிடித்துச் சாய்க்க, பச்சை நாக்கு நீட்டியபடி உலோகம் இறங்கியது. அந்த நேரம் யாரும் பேசவில்லை. துவாரத்தில் சிவப்பாக ஒரு வட்டம் எழும்பி நின்ற பிறகுதான் பெரியவர் தோள்துண்டை எடுத்து முகம் துடைத்தார்.

மூசையில் மிஞ்சியது ஒரு கைப்பிடி இருக்கும். வாளியில் மெழுகு ஆடைகட்டி மிதந்தது. மகன் அதை வழித்தெடுத்து, ஈரம் உதறி, தராசுத் தட்டில் போட்டான்.