வட்டுக்கோட்டைத் தேவாலயம்

யாழ்ப்பாண நகரிலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை ஆகிய ஊர்களைக் கடந்து மேற்கே சென்றால், பனைகளுக்கும் வயல்களுக்கும் நடுவே வட்டுக்கோட்டை தோன்றும். யாழ்ப்பாணக் கல்லூரியின் அயலிலே, தடித்த சுவர்களோடு நிற்கும் தேவாலயத்தைக் காண நாம் சென்றிருந்தோம். சைவராகிய நமக்கு அங்கே என்ன அலுவல் என்று சிலர் வினவலாம். விடை அதன் வரலாற்றிலேயே உண்டு.

1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், ஊர்தோறும் கத்தோலிக்க ஆலயங்களை எழுப்பினர். 1658 இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர், அவற்றைத் தம் சீர்திருத்தச் சபைக்கு உரியனவாக்கினர். ஒல்லாந்தர் ஆட்சி 1795 இல் ஒழியவே, பேணுவாரின்றிப் பல ஆலயங்கள் கூரை இழந்தன. வட்டுக்கோட்டைக்கும் அந்நிலையே நேர்ந்தது.

1812 இல் அமெரிக்காவினின்றும் மிஷனரிமார் சிலர் இந்தியா நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் ஜட்சன் என்பவர் கல்கத்தாவிலே பாப்திஸ்து சபையைத் தழுவிப் பர்மா சென்றார். நியூவெல் என்பவரோ, வழியிலே மனைவியை இழந்து இலங்கை சேர்ந்து, யாழ்ப்பாணமே பணிக்கு ஏற்ற இடமெனத் தம் சங்கத்துக்கு எழுதினார். அதன் பயனாக 1816 இல் அமெரிக்க மிஷனார் வந்தனர். மறு ஆண்டு மெய்க்ஸ், றிச்சட்ஸ் என்னும் இருவர் வட்டுக்கோட்டையிற் குடியேறிப் பாழடைந்த கட்டடங்களைத் திருத்தினர்.

1823 இல் இவ்விடத்திலே செமினரி தொடங்கிற்று. டானியல் பூர் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், கணிதம், வானநூல், தமிழ் யாவும் ஆங்கே கற்பிக்கப்பட்டன. சமயம் பரப்புதலே நோக்கம் என்பதை அவர்கள் மறைத்ததில்லை. பிள்ளைகள் முன்னோர் சமயத்தை விட்டு நீங்கக் கண்டு பெற்றோர் வருந்தியதும் உண்மையே. வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்றுக் கற்பித்த ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலை நிறுவியது அவ்வருத்தத்துக்கு விடையாகவே.

மாணவர் பலர் போதகராகாது உத்தியோகம் நாடினமையால், எண்ணிய பயன் விளையவில்லை என மேலிடத்தார் கருதினர். 1855 இல் செமினரி மூடப்பட்டது. ஆயினும் விதைத்தவர் எண்ணாத பயிரும் விளைந்தது. 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவரும் இங்குப் பயின்றவரே. இருவரும் பின்னர்ச் சைவம் சார்ந்தனர். ஏட்டிலே செல்லரித்து அழியவிருந்த வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றியவர் தாமோதரம்பிள்ளை.

1872 இல் அதே சூழலில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1947 இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது, இக்கிராமத்துத் தேவாலயம் யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயமாயிற்று.

வழிபடும் தெய்வம் வேறாயினும், கற்ற இடத்துக்கு நன்றி மறவாமை தமிழர் பண்பு. கலித்தொகையைக் கையிலெடுக்கும் மாணவர், ஒருமுறையேனும் வட்டுக்கோட்டைக்குச் சென்று இச்சுவர்களைப் பார்த்து வருதல் நன்று.